இடது குழலில் மண்

எழுதத் தெரியாதவள் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பத்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. நம் வானகரம் அடுக்ககத்துப் பொங்கல் மலருக்கு, ஐம்பதைத் தாண்டியவர்கள் ஆளுக்கு ஒன்று சிறுவயதைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் கூட்டத்தில் சொன்னபோது, நான் மெதுவாக நழுவி லிஃப்டுக்குள் போய் நின்றுகொண்டேன். பத்துப் பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பிறகு உங்களில் சிலர் எழுதியதை வாங்கிப் படித்தேன். ஆறும் தோப்பும் தேர்த் திருவிழாவுமாக இருந்தது. நான் வளர்ந்தது இதோ இங்கே மேனாம்பேட்டில். எங்களுக்கு ஆறு இல்லை. தொழிற்பேட்டைச் சங்கும், நான்கு போர்ஷனுக்குப் பொதுவாக ஒரு அடிபம்பும் இருந்தன. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு துப்பாக்கி இருந்தது. அதைப் பற்றி மட்டும் என்னால் எழுத முடியும் என்று தோன்றியது.

அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஒரு வங்கிக் கிளையில் காவலாளியாக இருந்தார். அந்தக் காலத்தில் அந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கியும் சொந்தப் பெயரில் லைசென்சும் வேண்டும். அவருடையது இரட்டைக்குழல் துப்பாக்கி. தினமும் பச்சைக் கித்தான் உறையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போவார். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பஸ் ஸ்டாப் பெட்டிக்கடைக்காரர் மட்டும், "இன்னா நைனா, இன்னிக்கு ஏரியில கொக்கு ஜாஸ்தியா கீதாமே?" என்று கேட்பார். அப்பா சிரிக்க மாட்டார். எதற்காகக் கேட்கிறான் என்று வீட்டுக்கு வந்து யோசிப்பார்.

அவருக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. தபால் வந்தால் உறையின் ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். பால்காரர் அளக்கும்போது பாலைப் பார்க்காமல் அவர் கட்டை விரலைப் பார்ப்பார். தோட்டாக்கள் தனியாக டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அது போதாது என்று பெட்டிக் கொண்டியில் ஒரு கறுப்பு நூலைச் சுற்றி வைத்திருப்பார். யாராவது திறந்தால் நூல் அறுந்து காட்டிக் கொடுத்துவிடும்.

வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல்களைத் தனியாகக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். வலது, இடது, மறுபடி வலது. பிறகு துணி சுற்றிய கோலை உள்ளே விட்டு இழுப்பார். அந்த எண்ணெய் வாசனை எங்கள் சோற்றில்கூட இருக்கும். கடைசியில் சுவரில் இரண்டு முளைகளின் மேல் வைப்பார். குழல்முனை எப்போதும் மூலைச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். காலியான துப்பாக்கிதான், இருந்தாலும் அது வாசலைப் பார்த்து இருக்கக் கூடாது. நானோ அம்மாவோ அதைத் தொடக் கூடாது.

நான் சொல்லப்போகும் மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நாள் காலை அடிபம்பு பக்கத்தில் மயங்கி விழுந்தார். பக்கத்துப் போர்ஷன் அண்ணன்தான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி ஆட்டோ பிடித்தார். அந்த அண்ணன் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்தவர், தனி ஆள். அவர் சட்டையெல்லாம் இரும்புத் தூளின் வாசனை அடிக்கும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கீழாநெல்லியும் மோருமாக ஒரு மாதம் படுத்துக் கிடந்தார். கண் இரண்டும் மஞ்சள். துப்பாக்கி சுவரிலேயே இருந்தது. உறை மழையில் நனைந்து பூஞ்சை பிடித்துக் கிழிந்ததால், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்திருந்தோம். அவர் நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படித் துப்பாக்கி மூடாமலும் பார்க்கப்படாமலும் ஒரு மாதம் கிடந்தது அதுதான் முதல் தடவை.

அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போனதால், அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பூந்தமல்லியிலிருந்து சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. "இந்தத் தை வரைக்கும் பாப்போம்" என்று மாமியார் சொல்லியிருந்தாள். தைக்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை. ஆனால் சொந்தத்தில் ஒரு பெண்ணின் ஜாதகம் வந்து போனது சித்திக்குத் தெரியும்.

அந்தக் குளவியை முதலில் பார்த்தது சித்திதான். ஒரு மத்தியானம் என்னை இடுப்பில் கிள்ளிக் கூப்பிட்டாள். சன்னமாக ஒரு ரீங்காரம். இடுப்பு சிறுத்த கறுப்புக் குளவி ஒன்று ஈர மண் உருண்டையைக் காலில் இடுக்கிக்கொண்டு வந்து, துப்பாக்கியின் இடது குழலுக்குள் நுழைந்தது. சற்று நேரம் கழித்து வெறுங்காலோடு வெளியே வந்தது.

"கூடு கட்டுது. ஊட்ல ஒரு புள்ள வரப்போவுதுன்னு அர்த்தம்" என்றாள்.

"யாருக்கு சித்தி?"

"உங்கம்மாவுக்கு ஆப்பரேசன் ஆயிடுச்சு. நீ ஸ்கூலுக்கு போற. மிச்சம் யாரு கீறாங்க?"

அவள் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். அன்று சிரித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு நாள் தள்ளிப் போயிருந்தது என்பதையும் என் காதில் சொன்னாள். கூட்டை உடைத்தால் வருவதும் வராமல் போய்விடும், யாரிடமும் மூச்சு விடாதே என்று என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நாங்கள் இருவரும் நாலைந்து நாள் அந்தக் குளவியைப் பார்த்தோம். பச்சைப் புழுவைக் கொண்டுபோய் வைத்தது, மண்ணால் மூடியது, மறுபடி புழு, மறுபடி மண். கடைசியில் குழலின் வாய்க்கு ஒரு சாண் உள்ளே வழவழவென்று ஒரு மண் மூடி தெரிந்தது. அப்பா கட்டிலில் படுத்தபடி எங்களையே பார்ப்பார். "ரெண்டு பேரும் அந்தச் செவுத்துல என்ன பாக்குறீங்க?" என்று ஒரு நாள் கேட்டார். "பல்லி, மாமா" என்றாள் சித்தி.

அப்பா தேறி எழுந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி வங்கியிலிருந்து ஆள் வந்தது. அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, ஆவடிப் பக்கம் சுடும் மைதானத்தில் காவலாளிகள் எல்லோரும் ஆளுக்கு இரண்டு தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை நடப்பது அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்துப் போர்ஷன் அண்ணன் உடம்பு விசாரிக்க வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பேச்சு அந்த மைதானத்தைப் பற்றிப் போனது.

"வேற கிளையில ஒருத்தன்" என்றார் அப்பா. "தொடைக்கிற துணி குழலுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. பாக்காம தோட்டாவப் போட்டு சுட்டான். குழலு காஞ்ச முருங்கக்கா மாதிரி பொளந்துகிச்சு. தாங்கிப் புடிச்ச கையில மூணு வெரல் போச்சு."

"ஒரு துணிக்கா நைனா? குண்டு வர்ற வேகத்துல அதையும் தூக்கி வெளிய எறிஞ்சுடாதா?"

"போற வழிய அடைச்சா அந்த வேகம் எங்க போவும்? பக்கவாட்டுல கிழிச்சுகினுதான் போவும். நீ லேத்து புடிக்கிறவன், உனக்குத் தெரியாதா?"

"எங்க பட்டறையில மொதலாளி வாய்தான் நைனா வெடிக்கும். அத்த அடைக்கத் துணி கெடைக்கல."

அம்மாகூடச் சிரித்தாள். உள்ளே அம்மிச் சத்தம் நின்றிருந்ததை நான் கவனித்தேன். சித்தி மிளகாய் கையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடி அரைக்க ஆரம்பித்தாள்.

அன்று ராத்திரி படுத்தபடி எண்ணிப் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னால் கூட்டை உடைத்துவிடுவார், சித்திக்குப் பிள்ளை வராது. சொல்லாவிட்டால் அப்பாவின் கை போகும். சனிக்கிழமை மத்தியானம் அப்பா டாக்டரிடம் சான்றிதழ் வாங்கப் போனார். அம்மா வேலையில். சித்தி ரேஷன் கடையில். நான் டிரங்குப் பெட்டிமேல் ஏறித் துப்பாக்கியை இறக்கினேன். அவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை. மடக்கித் திறக்கப் பார்த்தேன், அந்த நெம்புகோல் என் விரலுக்கு அசையவில்லை. அதனால் கோலை எடுத்து முன்பக்கமாகவே இடது குழலுக்குள் விட்டு இடித்தேன். கொஞ்சம் மண்ணும் நசுங்கிய பச்சைப் புழுக்களும் தரையில் கொட்டின. மிச்சம் கொட்டவில்லை, உள்ளே போயிற்று. இடிக்க இடிக்க இன்னும் உள்ளே போயிற்று. வலது குழலில் கோலை விட்டுப் பார்த்தேன், கைப்பிடி வரை இறங்கியது. இடதில் ஒன்றரைச் சாண் வெளியே நின்றது. முன்பாவது வாயருகே கண்ணுக்குத் தெரிகிற மண். இப்போது யாருக்கும் தெரியாத இடத்தில் இறுகிக்கொண்டது. நான்தான் அப்படி ஆக்கினேன்.

துப்பாக்கியை எப்படியோ மாட்டிவிட்டு இறங்கியபோது, சித்தி ரேஷன் பையோடு வாசலில் நின்றாள். தரையில் கிடந்த புழுக்களைப் பார்த்தாள்.

"நீயா?"

தலையாட்டினேன். அடிப்பாள் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள், ஒரு துகள் விடாமல்.

"சித்தி, கோல் முழுசா போகல. மண்ணு உள்ளயே கீது. அப்பாகிட்ட சொல்லிடலாமா?"

"வாய மூடு. இத்தினி நாளா பாத்துகினு சும்மா இருந்தாளான்னு என்னத்தான் கேப்பாரு. மண்ணுதான? வெடிச்சா போயிடும்."

இந்த வயதில் இதை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை அப்பா சொன்னதை அவள் கேட்டாள். அம்மி நின்றதை நான் பார்த்தேன். துணி வேறு, மண் வேறு என்று உண்மையிலேயே நம்பினாளா? அல்லது அந்த ஒரு நாள், கூடு போன ஆத்திரத்தில், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று இருந்தாளா? எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வந்ததில்லை.

சாயங்காலம் அப்பா உள்ளே நுழைந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். அவசரத்தில் நான் துப்பாக்கியைத் திருப்பி மாட்டியிருந்தேன். குழல்முனை வாசலைப் பார்த்திருந்தது.

"யாரு எடுத்தது?"

நான் சித்தியின் பின்னால் நகர்ந்தேன்.

"இன்னிக்கு வீட்டுக்கு யாரு வந்தது?"

"பக்கத்துப் போர்ஷன்காரரு கொடத்தக் குடுக்க வந்தாரு மாமா" என்றாள் சித்தி. அது பொய் இல்லை. காலையில் எல்லோரும் இருக்கும்போது வந்து கொடுத்தார்.

அப்பா உடனே முடிவு கட்டிவிட்டார். லேத் வேலைக்காரன், இரும்புக் குழாயில் எதையும் கடைந்து செய்யத் தெரிந்தவன், துப்பாக்கியை இறக்கி உள் அளவு எடுத்திருக்கிறான், கள்ளத்துப்பாக்கி செய்யப் போகிறான். எந்தக் குழந்தையும் நினைக்காத இதை ஒரு நிமிடத்தில் அவரால் நினைக்க முடிந்தது. முற்றத்துக்கு இறங்கிக் கூப்பிட்டார். நான்கு போர்ஷனும் வெளியே வந்தது.

"அளவு எடுத்தியாடா?"

"இன்னா அளவு?" அண்ணன் கையில் சோப்பு நுரையோடு நின்றார்.

"குழல் அளவு. எவன் எடுக்கச் சொன்னான் உன்னை?"

"நைனா, உனக்கு இன்னும் காமாலை எறங்கல போலகீது. உன்ன தோள்ல போட்டுகினு ஓடனவன் நான். அன்னிக்கு உன் அரைஞாண்ல பொட்டி சாவி தொங்கிகினு இருந்திச்சு. எடுக்கணும்னா அன்னிக்கே எடுத்திருக்க மாட்டனா?"

"சாவி தொங்குனத கவனிச்சிருக்கான் பாரு" என்று அப்பா மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் நுரைக் கையோடு உள்ளே திரும்பிப் போனார். திங்கட்கிழமை ஸ்டேஷனில் சொல்லப் போவதாக அப்பா சொன்னார். அப்போது பார்த்துக் கரண்டு போயிற்று. அப்பா அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பெட்டி நூலைப் பார்த்தார், தோட்டாக்களை எண்ணினார், துப்பாக்கியில் பொறித்த நம்பரை லைசென்சோடு ஒப்பிட்டார், ஆணி, திருகு எல்லாம் தடவிப் பார்த்தார். வேறு துப்பாக்கியை மாற்றி வைத்துவிட்டானோ என்றுகூடச் சந்தேகம். எல்லாம் சரியாக இருந்தது. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பதை மட்டும் அவர் செய்யவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. அன்று அவர் மனம் முழுக்க அந்த அண்ணன் மீது இருந்தது. அம்மாவும் கண்டுகொள்ளவில்லை. நான் அந்தக் குழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு விடியும்போதே கிளம்பிவிட்டார். உறை இல்லாததால் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றியிருந்தார். இரண்டு தோட்டா சட்டைப் பையில். சித்தி காபி ஆற்றிக் கொடுத்தாள், அவர் குடித்தார். அவர் கையைப் பார்த்தேன். இடது கை விரல்கள் டம்ளரின் அடியைத் தாங்கியிருந்தன. அவர் படி இறங்கித் தெருமுனை திரும்பும்வரை நான் நின்றேன். பிறகு ஓடினேன். "எங்கடி?" என்று சித்தி பின்னால் கேட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் ஏழெட்டு ஆம்பிளைகள். பெட்டிக்கடைக்காரர், "இன்னா நைனா, கொழந்தைக்குப் போர்வ கட்டி தூக்கினு போறியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"இடது குழல்ல மண்ணு கீதுப்பா."

"யாரு சொன்னது?"

"குளவி கட்டிச்சு. நான்தான் கோலால இடிச்சேன். உள்ள போயிடுச்சு."

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "அவன் சொல்லிக் குடுத்தானா இப்படிச் சொல்லச் சொல்லி?"

"இல்லப்பா. நான்தான் பெட்டி மேல ஏறி எடுத்தேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார். அப்பா ஏறவில்லை. பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றார். நான் சொன்னதை நம்பினாரா, சோதித்துப் பார்க்க வந்தாரா என்று தெரியாது. என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

முற்றத்து வெயிலில் குழல்களைக் கழற்றி வானத்துக்குத் தூக்கினார். வலது குழலில் கண் வைத்தார். இடதில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பின்பக்கமாகக் கோலை விட்டுக் குத்தினார். இரண்டாவது குத்தில் மரக்கோல் நடுவில் ஒடிந்தது.

பக்கத்துப் போர்ஷன் அண்ணன் அடிபம்பில் பல் விளக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனவர், முனை மழுங்கக் கடைந்த ஒரு பித்தளைக் கம்பியைக் கொண்டுவந்து அப்பாவின் பக்கத்தில் படியில் வைத்தார். இரும்பு போட்டால் குழல் உள்ளே கீறிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பா அதை எடுத்துக் கட்டையால் மெல்லத் தட்டினார். குழல்வாயிலிருந்து விரல் நீளத்துக்கு மண் கட்டி ஒன்று வந்து விழுந்து உடைந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள் நசுங்கி ஒட்டியிருந்தன.

"குளவின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் நைனா" என்றார் அண்ணன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "இது வேற யாருக்குத் தெரியும்?"

சித்தி வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கும் தெரியாதுப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் நம்பவில்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் இல்லை. அவர் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அந்தத் தடவையும் அதற்குப் பிறகும் சித்திக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தக் கூட்டுக்கும் அதற்கும் ஒன்றுமில்லை என்று எனக்கு இப்போது தெரியும். என் மூன்று பிரசவத்துக்கும் வந்து நின்றவள் அவள்தான். ஆனாலும் ஒவ்வொரு குழந்தையையும் கையில் வாங்கும்போது ஒரு கணம் என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

மண் கட்டி வெளியே வந்த மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிறே தாமதமாகப் போய் இரண்டு தோட்டாவையும் சுட்டுக் காட்டிவிட்டிருந்ததால் அப்பா வேலைக்குப் போனார், ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பக்கத்துப் போர்ஷன் அண்ணன் லீவு போட்டு, சாமான்களை ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆவடிப் பக்கம் கோவில்பதாகைக்குக் குடிபோனார். அந்தப் பித்தளைக் கம்பியைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். நான் போவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.